இரண்டு லிட்டர் ஒப்பந்தம்

ஜூன் 4

மாப்பிள்ளைக்கு,

காகித ஆலையின் வாசலில், நானூறு தொழிலாளிகள் பார்த்திருக்க, இனி செத்தாலும் உங்களோடு பேச மாட்டேன் என்று சொன்னவன் நான். அந்தச் சொல் முப்பத்தொரு வருஷமாக அப்படியே இருக்கிறது. பேச மாட்டேன் என்றுதான் சொன்னேன். எழுத மாட்டேன் என்று சொல்லவில்லை. ஆகவே இந்தக் கடிதத்தைக் காட்டி, "கிழவன் இறங்கி வந்துட்டான்" என்று யாரிடமும் பெருமை பேச வேண்டாம். தங்கை புருஷன் என்ற ஒரே காரணத்துக்காக 'நீங்கள்' போடுகிறேன்.

விஷயம் பாப்பாவைப் பற்றியது. அவளுக்கு அறுபத்து நாலு வயதானால் என்ன, எனக்குப் பாப்பாதான். ஞாயிற்றுக்கிழமைதோறும் போன் செய்வாள். பக்கத்து வீட்டுக்காரி, பால்காரர், உங்கள் குறட்டை எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடிப்பாள். போன வாரம் "அண்ணே" என்றாள். நிறுத்தினாள். "நல்லா இருக்கியா" என்றாள். மறுபடி நிறுத்தினாள்.

"என்ன பாப்பா, மூச்சு வாங்குது?" என்றேன்.

"இப்பதான் மாடிப்படி ஏறினேன்" என்றாள்.

நீங்கள் குடியிருப்பது தரைத்தளம். இத்தனை வருஷமாக உங்கள் வாசலை மிதிக்காதவனுக்கும் அது தெரியும்.

எதை மறைக்கிறீர்கள்? வேலைநிறுத்தத்தின்போது உங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், "இன்னும் ஒரு வாரத்துக்கு மேல் ஆட்கள் தாங்க மாட்டார்கள்" என்று சங்கத் தலைவனான நான் வாய்தவறிச் சொன்னது மறுநாள் காலையே மேலாளர் அறைக்கு எப்படிப் போனது என்று இப்போது கேட்கவில்லை. அதற்கு வேறு நாள் இருக்கிறது. இப்போது கேட்பது இதுதான்: என் தங்கைக்கு என்ன? வளவளவென்று எழுதாமல் உள்ளதை எழுதுங்கள்.

உங்கள் மனைவியின் அண்ணன்


ஜூன் 8

மச்சானுக்கு வணக்கம்.

தங்கள் கடிதம் கிடைத்தது. அதில் கண்ட விஷயங்கள் கவனத்தில் கொள்ளப்பட்டன. (ஆலையில் தொழிலாளர் நல அதிகாரியாக இருந்த பழக்கம், பேனாவைத் தொட்டாலே இப்படித்தான் வருகிறது. மன்னிக்கவும்.)

மறைக்க வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. "அண்ணனுக்குச் சொன்னா அங்கேயிருந்தே ஊரைக் கூட்டிடுவாரு" என்று உங்கள் தங்கைதான் தடுத்தாள். இப்போது சொல்கிறேன். ஆனால் எனக்கே ஒன்றும் புரியவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

இரண்டு மாதமாகக் கால் வீக்கம். கட்டை விரலால் அழுத்தினால் குழி விழுகிறது, விழுந்த குழி சீக்கிரத்தில் நிரம்புவதில்லை. வீட்டுக்குள் நடந்தாலே மூச்சு வாங்குகிறது. ஆஸ்பத்திரியின் புதுக் கட்டடத்தில் இதய டாக்டரிடம் காட்டினேன். "இதயம் பலவீனமாயிடுச்சு. தள்ள வேண்டிய ரத்தத்துல பாதியத்தான் தள்ளுது. ஒரு நாளைக்கு ஒரு லிட்டருக்கு மேல தண்ணி கூடாது" என்றார். நீர் பிரிய மாத்திரை கொடுத்தார்.

பழைய கட்டடத்தில் கிட்னி டாக்டர் இருக்கிறார். கல் அடைப்புக்காக இவள் பல வருஷமாக அவரிடம்தான் போகிறாள். பத்து நாளைக்கு முன் அவர் ரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிட்டு மேசையைத் தட்டினார். "என்னம்மா இது, கிட்னி சுருண்டுக்கிட்டுக் கெடக்கு. மூணு லிட்டர் குடிக்கச் சொன்னேனே, குடிக்கிறதில்லையா?"

இவள், "குடிச்சா அவர் திட்டுவாரே" என்றாள். இவள் சொன்னது இதய டாக்டரை. அவர் நினைத்தது என்னை. ஒரு பெண்பிள்ளைக்குத் தண்ணீர்கூடக் கொடுக்காத பாவியைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார்.

நான் வாய் திறக்கவில்லை. வேண்டுமென்றேதான். பேச்சுவார்த்தையில் ஒரு தரப்பின் காகிதத்தை மறு தரப்புக்குக் காட்டக் கூடாது என்பது என் தொழில் தர்மம். இவர் சொன்னதை அவரிடம் சொன்னால், அவர் சொந்தக் கருத்தை விட்டுவிட்டு இவருக்கு எதிராகப் பேசுவார், அல்லது பயந்து ஒத்து ஊதுவார். இரண்டும் நமக்கு உதவாது.

ஆக, ஒரு தரப்பு ஒரு லிட்டர், மறு தரப்பு மூன்று லிட்டர். சமையலறையில் ஒரு பெரிய ஜாடி இருக்கிறது. அதன் முன்னால் தினமும் நின்று யோசிக்கிறேன். "ஜாடியையே பார்த்துக்கிட்டு நிக்கிறீங்களே, அது என்ன உங்களுக்குப் பொண்ணு கொடுத்த வீடா?" என்று உங்கள் தங்கை கேட்கிறாள்.

சாப்பாட்டு மேசை விஷயத்தில் நான் முன்பே சொன்னதைத்தான் இப்போதும் சொல்வேன். ஆகவே சொல்லவில்லை.

தங்கள்
மைத்துனர்


ஜூன் 12

மாப்பிள்ளைக்கு,

காகிதத்தைக் காட்டாதது சரி. உங்கள் வாழ்நாளில் நீங்கள் செய்த ஒரே சரியான காரியம் என்றுகூடச் சொல்வேன். ரெண்டு டாக்டரையும் ஒன்றாக உட்கார வைத்தால், புதுக் கட்டடத்துக்காரன் சொன்னதுதான் சட்டம் என்று ஆகிவிடும்.

உங்கள் கடிதம் வந்ததிலிருந்து நகர நூலகத்திலேயே கிடக்கிறேன். எட்டாவதோடு நின்றவன் என்று ஏளனம் வேண்டாம். தொழிலாளர் சட்டத்தையும் நான் இப்படித்தான் படித்தேன், அது உங்களுக்கு மறந்திருக்காது. நூலகக்காரர் உடம்பைப் பற்றிய ஆறு தடித்த புத்தகங்களை எடுத்துக் கொடுத்துவிட்டு, "ஐயா, டாக்டருக்குப் படிக்கிறீங்களா?" என்றார். "இல்லப்பா, டாக்டரை எதிர்க்கப் படிக்கிறேன்" என்றேன்.

கேளுங்கள். இதயம் ஒரு பம்பு என்று எல்லோரும் சொல்கிறார்கள். தப்பு. ஒட்டிப் பிறந்த ரெண்டு பம்பு. வலது பக்கம், உடம்பெல்லாம் சுற்றிக் களைத்து வந்த ரத்தத்தை நுரையீரலுக்கு அனுப்புகிறது. அங்கே அது காற்றை வாங்கிக்கொள்கிறது. இடது பக்கம் அதை வாங்கி உச்சி முதல் உள்ளங்கால் வரை தள்ளுகிறது. இடது தளர்ந்தால் சரக்கு பின்னால் நுரையீரலில் தேங்கும், மூச்சு வாங்கும். வலது தளர்ந்தால் காலிலும் வயிற்றிலும் தேங்கும், வீங்கும். பாப்பாவுக்கு ரெண்டும் இருக்கிறது. எது முதலில் தளர்ந்தது என்று எந்தப் புத்தகத்திலும் பாப்பாவின் பெயர் போட்டு எழுதியிருக்கவில்லை.

இனி சிறுநீரகம். இதைப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. முதுகுப் பக்கம், கண்ணுக்குத் தெரியாத மூலையில், கைப்பிடி அளவில் ரெண்டு பேர். ஒரு நாளைக்கு நூற்றெண்பது லிட்டர் வடிகட்டுகிறார்கள். அதில் நல்லதையெல்லாம் பொறுக்கி எடுத்து ரத்தத்துக்கே திருப்பிக் கொடுத்துவிட்டு, ஒன்றரை லிட்டர் கழிவை மட்டும் வெளியே விடுகிறார்கள். உப்பைப் பார்த்துக்கொள்வது அவர்கள். ரத்த அழுத்தத்தைப் பார்த்துக்கொள்வதில் அவர்களுக்குப் பங்கு. புது ரத்தம் செய்யச் சொல்லி எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜைக்கு ஆள் அனுப்புவதும் அவர்களே. ஆனால் மனுஷன் எதைத் தொட்டுச் சத்தியம் செய்கிறான்? நெஞ்சைத் தொட்டு. முதுகைத் தொட்டு ஒருவனாவது சத்தியம் செய்து பார்த்திருக்கிறீர்களா?

என் முடிவு: சிறுநீரகம் பட்டினி கிடக்கிறது. தண்ணீர் கேட்கிறது. கொடுத்தே ஆக வேண்டும். நீங்கள் வழக்கம்போலப் புதுக் கட்டடத்தின் பக்கம் சாய்வீர்கள் என்று தெரியும். மூன்று லிட்டர். குறைக்காதீர்கள்.

உங்கள் மனைவியின் அண்ணன்


ஜூன் 16

மச்சானுக்கு,

தங்கள் கடிதத்தை உங்கள் தங்கைக்கு வாசித்துக் காட்டினேன். முதுகைத் தொட்டுச் சத்தியம் என்ற இடத்தில் சிரித்தாள். சிரித்ததில் இருமல் வந்து, இருமலில் மூச்சு முட்டி, கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். இனிமேல் வேடிக்கையாக எழுத வேண்டாம் என்று வேண்டுகிறேன். நீங்கள் வேடிக்கைக்காக எழுதவில்லை என்பதும் எனக்குத் தெரியும்.

இப்போது மூன்று தலையணை வைத்துத்தான் படுக்கிறாள். மட்டமாகப் படுத்தால் தண்ணீரில் முங்குவதுபோல் இருக்கிறதாம். இந்த நிலைமையில் மூன்று லிட்டரை எந்தத் தைரியத்தில் ஊற்றிக் கொடுப்பேன்? அதே சமயம் ஒரு லிட்டரில் நாக்கு வறண்டு உதடு வெடிக்கிறது. நான் குளிக்கப் போன நேரத்தில் பூச்சாடித் தண்ணீரைக் குடிக்கலாமா என்று யோசித்ததாக அவளே சொன்னாள்.

சாப்பாடும் இறங்கவில்லை. நாலு வாய்க்குள் வயிறு நிறைந்துவிட்டது என்கிறாள். வலது விலாவுக்குக் கீழே கனமாக இருக்கிறதாம். ஸ்கேன் எடுத்தவர் ஈரல் வீங்கியிருக்கிறது என்றார். நான் தலையில் கைவைத்துக்கொண்டேன். இதயம், நுரையீரல், கிட்னி என்று மூன்று பேரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும்போது நாலாவதாக ஈரலுமா? யார் யாரால் கெடுகிறார்கள்? கிட்னி கெட்டதால் இதயமா, இதயம் கெட்டதால் கிட்னியா? கேட்டால் அவரவர் கட்டடத்தில் அவரவர் பதில். வெளியே வந்தால் கேள்வி என் கையிலேயே இருக்கிறது.

உங்கள் தங்கை நேற்று சொன்னது: "ரெண்டு பேரும் என் உடம்பை நடுவுல போட்டுப் பஞ்சாயத்து பண்றீங்க. என்னை யாராவது கேட்டீங்களா?"

"சரி, நீ சொல்லு, உனக்கு எவ்வளவு வேணும்?"

"ஒரு குடம்."

மச்சான், எனக்குத் தெரிந்த வேலை ஒன்றே ஒன்றுதான். ஒருவர் ஒன்று என்றும் மற்றவர் மூன்று என்றும் பிடிவாதமாக நின்றால், எத்தனை நாள் இழுத்தாலும் கடைசியில் கையெழுத்தாவது இரண்டில்தான். என் இருபத்தாறு வருஷ வேலையில் இது தப்பியதில்லை. இரண்டு லிட்டர் என்று வைத்துக்கொண்டால் என்ன? இதயத்துக்கும் முழுத் தோல்வி இல்லை, கிட்னிக்கும் முழுத் தோல்வி இல்லை. தங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

தங்கள்
மைத்துனர்


ஜூன் 20

மாப்பிள்ளைக்கு,

நீங்கள் வைத்த கோரிக்கையை நான் ஏற்றுக்கொண்டதாகச் சரித்திரமே கிடையாது. மூன்று நாள் யோசித்தேன். நூலகத்தில் உட்கார்ந்து வயிறு, குடல், ஈரல் என்று எல்லா அத்தியாயத்தையும் புரட்டினேன். ஒன்றைப் படித்தால் அது இன்னொன்றைக் கைகாட்டுகிறது. குடலில் இருந்து வரும் ரத்தமெல்லாம் ஈரலுக்குள் நுழைந்து, அங்கே சோதனை முடிந்த பிறகுதான் இதயத்துக்குப் போகிறதாம். இதயம் வாங்க மறுத்தால் ஈரல் வாசலில் கூட்டம் நிற்கும். அதனால்தான் கனம். சரி, குடல் ஏன் வேலை செய்யவில்லை? அங்கேயும் தேக்கம். அப்படியானால் கோளாறு எங்கேதான் தொடங்குகிறது? மூளையில் தொடங்கிப் பார்த்தேன், அதுவும் இதயத்தைக் கைகாட்டுகிறது. நூல்கண்டில் நுனியைத் தேடுகிறவன் மாதிரி ஆகிவிட்டேன். நூலகம் மூடும் நேரம் வந்ததும் புத்தகத்தை மூடினேன்.

ஏற்றுக்கொள்கிறேன். இரண்டு லிட்டர்.

ஆனால் நிபந்தனை உண்டு. ஒரு லிட்டர் மதியத்துக்குள், ஒரு லிட்டர் பொழுது சாய்வதற்குள். ஒரே மடக்கில் அரை டம்ளருக்கு மேல் கூடாது. உப்பு பிஸ்கட் டப்பாவை வீட்டை விட்டே வெளியேற்றுங்கள். அது பாப்பாவின் தலையணைக்குப் பின்னால் இருக்கும். சின்ன வயதிலிருந்தே அவளுக்கு அங்கேதான் ஒளிக்கத் தெரியும்.

இதை நான் உங்களுக்கு விட்டுக்கொடுத்ததாகக் கணக்கு வைத்துக்கொள்ளக் கூடாது. நான் மூன்றிலிருந்து இறங்கினேன் என்றால் நீங்கள் ஒன்றிலிருந்து ஏறினீர்கள்.

உங்கள் மனைவியின் அண்ணன்


ஜூன் 25

மச்சானுக்கு,

முதலில் நல்லதைச் சொல்கிறேன். இல்லை, நல்லதைச் சொல்ல நேரமில்லை. ஆஸ்பத்திரியில் இருந்து எழுதுகிறேன்.

இரண்டு லிட்டர் ஆரம்பித்த அன்றும் மறுநாளும் உங்கள் தங்கையின் முகத்தில் களை வந்தது. "ஒங்க ரெண்டு பேருக்கும் ஒத்துப்போச்சா? அப்ப நான் பொழைச்சுக்குவேன்" என்றாள். பிஸ்கட் டப்பா நீங்கள் சொன்ன இடத்திலேயே இருந்தது. "காட்டிக் கொடுத்துட்டாரா?" என்று கோபப்பட்டாள்.

மூன்றாம் நாள் செருப்பு நுழையவில்லை. நான் செருப்பைக் குறை சொன்னேன். நான்காம் நாள் வாக்கியத்தை முடிக்க முடியவில்லை. மதியம் என்னைப் பார்த்து, "சங்கு ஊதிடுச்சே, இன்னும் கிளம்பலையா?" என்றாள். ஆலைச் சங்கு ஊதி எத்தனை வருஷம் ஆயிற்று. விளையாடுகிறாள் என்று நினைத்து, "இன்னைக்கு லீவு" என்றேன். "லீவுன்னா அண்ணனுக்கும் லீவா?" என்றாள். அப்போதுதான் பயந்தேன். உதடு நீலமாக இருந்தது.

நுரையீரலில் தண்ணீர் கோத்துவிட்டதாம். மூக்கில் குழாய் மாட்டி ஆக்ஸிஜன் போகிறது. ரத்தத்தில் போதிய காற்று இல்லாததும், கிட்னி பிரிக்க வேண்டிய கழிவு தங்கிவிட்டதும் சேர்ந்து மூளையைக் குழப்புகிறதாம். இதய டாக்டர் என்னை நிற்க வைத்துக் கேட்டார். "ஒரு லிட்டர்னு எழுதிக் கொடுத்திருக்கேன். ரெண்டு லிட்டர் யார் சொன்னது?"

"குடும்பத்துல பேசி முடிவு பண்ணினோம்" என்றேன்.

"பேசி முடிவு பண்றதுக்கு இது என்ன சம்பள உயர்வா?" என்றார்.

அவருக்கு என் பழைய வேலை தெரியாது. சும்மாதான் கேட்டார்.

தங்கள் பெயரை நான் சொல்லவில்லை.

மைத்துனர்


ஜூன் 27

மாப்பிள்ளைக்கு,

என் பெயரை ஏன் சொல்லவில்லை? ஒப்பந்தத்தில் ரெண்டு பேர் ஒப்புக்கொண்டோம். அடி விழும்போது மட்டும் ஒருவர் முதுகா? உங்கள் தயவு எனக்கு எந்தக் காலத்திலும் தேவைப்பட்டதில்லை.

கிளம்பி வருகிறேன். உங்கள் வாசலை மிதிக்க மாட்டேன் என்றுதான் சொல்லியிருக்கிறேன். ஆஸ்பத்திரி உங்கள் வீடு இல்லை. நான் வந்து சேரும்போது உங்களோடு பேசுவேன் என்று எதிர்பார்க்க வேண்டாம். இதைக் கூரியரில் அனுப்புகிறேன், எனக்கு முன்னால் வந்துவிடும். பாப்பாவிடம் நான் வருவதைச் சொல்லுங்கள். வேண்டாம், சொல்லாதீர்கள். அண்ணனே வருகிறான் என்றால் கதை முடிந்தது என்று நினைப்பாள்.

எனக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. இதை வேறு யாரிடமும் காட்டக் கூடாது.


ஜூன் 29, காலை

பெஞ்சின் அந்த முனையில் உட்கார்ந்திருக்கும் மாப்பிள்ளைக்கு,

உள்ளே போய்ப் பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். மூக்கில் குழாய், கையில் ஊசி, கட்டிலுக்குக் கீழே சிறுநீர்ப் பை. பையில் ஒன்றும் இல்லை. அடியில் இரண்டு விரல் கனத்துக்குப் பழுப்பாக ஏதோ கிடக்கிறது, அவ்வளவுதான். சிஸ்டரைக் கேட்டால், "டாக்டர் சொல்லுவாங்க" என்கிறார். டாக்டர்கள் இருவரும் உங்களோடு நின்று பேசியதைத் தூரத்தில் இருந்து பார்த்தேன். பேச்சு என் காதில் விழவில்லை. என்ன சொன்னார்கள்? எழுதிக் கொடுங்கள். தூய்மைப் பணி செய்யும் இந்த அம்மாவிடம் கொடுத்தால் கொண்டுவருவார்.


ஜூன் 29, காலை

மச்சான்,

அந்த அம்மா உங்கள் காகிதத்தைக் கொடுத்துவிட்டு, "ஏன் சாமி, ரெண்டு பேருக்கும் வாய் அடைச்சுக்கிச்சா? ஒரு பெஞ்சுக்குள்ள நான் தபால் கொடுக்கணுமா?" என்று கேட்டார்.

டாக்டர்கள் பேசியது. இரண்டு பேரும் ஒரே கட்டிலுக்கு வந்தது இன்றுதான் முதல் தடவை. கிட்னி டாக்டர் இதய டாக்டரைப் பார்த்து, "இவங்களுக்கு இதயம் இவ்வளவு மோசம்னு எனக்கு யாருமே சொல்லலையே? கல்லுக்காகச் சொன்ன மூணு லிட்டரை அப்படியே சொல்லிக்கிட்டிருந்திருக்கேன்" என்றார். பிறகு இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் தொழில் தர்மத்தைப் பற்றி அவர்களிடம் பேசவில்லை.

கிட்னி டாக்டர் எனக்கு விளக்கினார். அவர் சொன்னபடியே எழுதுகிறேன்: "கிட்னிக்குக் கண்ணு கிடையாது சார். தன்கிட்ட வர்ற ரத்தத்தை வெச்சுத்தான் உடம்புல தண்ணி இருக்கா இல்லையான்னு கணக்குப் போடும். இதயம் சரியாத் தள்ளலைன்னா ரத்தம் குறைச்சலா வரும். உடனே அது, உடம்பு காஞ்சு போச்சுன்னு நெனைச்சுக்கிட்டு, இருக்கிற உப்பையும் தண்ணியையும் வெளிய விடாமப் பிடிச்சு வெச்சுக்கும். உடம்பெல்லாம் வெள்ளம். ஆனா கிட்னிக்கு மட்டும் வறட்சி."

அதாவது நாம் ஊற்றிய தண்ணீர் எதுவும் கிட்னிக்கு உதவவில்லை. வீக்கத்தில்தான் சேர்ந்திருக்கிறது.

இப்போது நீர் பிரியும் மருந்தை ஊசியில் பெரிய அளவில் ஏற்றுகிறார்கள். நாளை மாலைக்குள் சிறுநீர் இறங்க வேண்டும். இறங்காவிட்டால் டயாலிசிஸ் மிஷினில் போட்டு நீரை எடுக்க வேண்டும். மிஷினை இந்த இதயம் தாங்குமா என்று கேட்டேன். இதய டாக்டர் என் தோளைத் தொட்டார். அது எனக்குப் பிடிக்கவில்லை.


ஜூன் 29, பிற்பகல்

மாப்பிள்ளைக்கு,

சிறுநீரகத்தின் மேல் குற்றம் இல்லை என்று நான் முதலிலேயே எழுதினேனா இல்லையா? தனக்கு வந்து சேர்ந்த தகவலை வைத்து அது தன் வேலையைத்தான் செய்திருக்கிறது. பாதி சரியாகச் சொன்னேன். மீதிப் பாதிதான் பாப்பாவைக் கட்டிலில் தள்ளிவிட்டது. இதைப் படித்துவிட்டு எனக்குச் சமாதானம் எழுதாதீர்கள்.

நீங்கள் காலையிலிருந்து எதுவும் சாப்பிடவில்லை. எனக்கு ரெண்டு ரொட்டி அதிகமாகிவிட்டது, பெஞ்சின் நடுவில் வைத்திருக்கிறேன். தின்றாலும் சரி, தின்னாவிட்டாலும் சரி.


ஜூன் 30, காலை

மச்சான்,

ரொட்டிக்கு நன்றி. உங்கள் தங்கை விடியற்காலையில் ஒரு முறை கண்ணைத் திறந்தாள். "அண்ணன் சட்டை மாதிரி ஒண்ணு வெளிய தெரியுதே" என்றாள். "ஆமா, அண்ணன்தான்" என்றேன். "நெசமாவா, இல்ல எனக்கு இன்னும் குழப்பமா?" என்றாள். எனக்கே சந்தேகம் வந்து கண்ணாடி வழியாக இன்னொரு தடவை பார்த்துக்கொண்டேன்.

பை இன்னும் அப்படியேதான் இருக்கிறது. புது ஊசி மருந்து எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், கீழே முற்றத்துக் கடையில்தான் கிடைக்குமாம். லிஃப்ட் பழுது என்று பலகை போட்டிருக்கிறார்கள். மூன்று மாடி. உங்கள் முழங்காலோடு நீங்கள் இறங்க வேண்டாம், நான் போய் வருகிறேன். நான் வருவதற்குள் ஏதாவது என்றால், எதுவாக இருந்தாலும், எனக்கு எப்படியாவது தெரிவித்துவிடுங்கள். எப்படி என்று உங்கள் விருப்பம்.


ஜூன் 30, பகல்

மாப்பிள்ளை,

முதலில் அந்தப் படியை விட்டு எழுந்திருங்கள். பாப்பா சாகவில்லை.

சிறுநீர் இறங்கிவிட்டது. நீங்கள் இறங்கிப் போன கொஞ்ச நேரத்தில் சிஸ்டர் கதவைத் திறந்து, "பெரியவரே, வந்து பாருங்க" என்றார். போனேன். கீழே தொங்கிய பையில் சொட்டுச் சொட்டாக விழுந்து, பிறகு சொட்டு நின்று கம்பியாக ஒழுகியது. நான் நிற்கும்போதே நானூறு மில்லி கோட்டைத் தாண்டியது. நிறம் வெளிர் மஞ்சள். மூத்திரத்தைப் பார்த்து அழுத கிழவன் இந்த வார்டில் நான்தான் முதல் ஆளாக இருக்கும். சிஸ்டர் சிரித்தார், அப்புறம் அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஜன்னலுக்கு ஓடினேன். நீங்கள் கடையில் இருந்து முற்றத்தைக் கடந்து வந்துகொண்டிருந்தீர்கள். "மாப்பிள்ளே, வந்துருச்சு! ஒண்ணுக்கு வந்துருச்சு!" என்று கத்தினேன். ஆஸ்பத்திரியே திரும்பிப் பார்த்தது. ஆம்புலன்ஸ் சத்தத்தில் உங்களுக்கு மட்டும் சொல் கேட்கவில்லை. என் வாய் அசைவது மட்டும் தெரிந்திருக்கிறது. நீங்கள் அண்ணாந்து பார்த்தீர்கள், கையில் இருந்த பொட்டலத்தை விட்டுவிட்டீர்கள், அப்படியே படியில் உட்கார்ந்து முகத்தைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டீர்கள். ஏன் என்று எனக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. இத்தனை வருஷம் பேசாதவன் வாய் திறந்தால் சாவுச் செய்தி என்றுதான் எவனும் நினைப்பான். கையை ஆட்டினேன், சட்டையைக் கழற்றி ஆட்டினேன். நீங்கள் நிமிரவே இல்லை.

என் முழங்காலுக்கு மூன்று மாடி இறங்க அரை மணி நேரமாகும். அதனால் இந்த அம்மாவிடம் கொடுத்து அனுப்புகிறேன். "எதுக்கு எழுதறீங்க, நானே வாயால சொல்லிடறேனே" என்றார். இவர் சொன்னால், பாவம் ஆறுதலுக்குச் சொல்கிறார் என்று நினைப்பீர்கள். என் கையெழுத்து என்றால் நம்புவீர்கள். உங்களுக்கு ஆறுதலாக நான் ஒரு பொய்கூடச் சொன்னதில்லை, அது உங்களுக்குத் தெரியும்.

பொட்டலத்தில் மருந்து உடைந்திருந்தால் வேறு வாங்குங்கள். சிஸ்டர் அது இன்னும் வேண்டும் என்கிறார், அபாயம் முழுதாக நீங்கவில்லையாம், இதயம் இனி பழையபடி ஆகாதாம். ஒவ்வொரு மாடியிலும் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு ஏறுங்கள். உங்கள் இதயத்துக்கும் அறுபத்தெட்டு வயது.

சீக்கிரம் வாருங்கள். பாப்பா கண்ணைத் திறந்து என்னை நன்றாக அடையாளம் கண்டுகொண்டாள். ராவெல்லாம் ரயிலில் நின்று வந்தவன் பக்கத்தில் நிற்கிறேன், "அவர் எங்கே, அண்ணே?" என்றுதான் கேட்டாள்.